அத்திப்பள்ளி வரைக்கும்தான் பஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாளி வந்தது. கதவைத் திறந்தால் ஹெல்மெட் போட்ட ஒருவர் நீல நிற வாளியை நீட்டி, "மேடம், ஆர்டர்" என்றார். உள்ளே ஒரு மக்கு, துணி கிளிப் ஒரு அட்டை, சோப்பு டப்பா. நான் எதையும் வாங்கச் சொல்லியிருக்கவில்லை. என் மகள் இனியா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, ஹாஸ்டல் அட்ரஸுக்கு மாத்தாமலே ஆர்டர் போட்டுட்டேன்மா."

ஹாஸ்டலில் போய் இறங்கிய பிறகு வாசலுக்கு வரவேண்டிய வாளி, அவசரப்பட்டு எங்கள் மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அவள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகமும் இதே பெங்களூரில்தான் இருக்கிறது, ஓசூர் ரோட்டில், பொம்மசந்திராவுக்கும் அந்தப் பக்கம். ஒரே ஊருக்குள் ஹாஸ்டலா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இந்த ஊர் டிராஃபிக்கில் ஒருமுறை மாட்டியவர்கள் சிரிக்க மாட்டார்கள். தினமும் போய்வந்தால் பட்டம் வாங்குவதற்குள் அவளுக்கு முதுகுவலி வந்துவிடும்.

அவளுடைய மூட்டை முடிச்சு என்று பார்த்தால் ஒரே ஒரு முதுகுப்பை. "மீதியெல்லாம் அங்க போய் ஆர்டர் பண்ணிக்கலாம்மா. எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்கிறாள். நியாயம்தான். ஆனால் எனக்குத்தான் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்தேன், திரும்ப ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். சமையலறைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று யோசித்துவிட்டுத் திரும்பினேன். அம்மா போனபிறகு எங்களோடு இருக்கும் என் அப்பா, பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு இப்டி நடந்துகினு கீற? அவதான போறா."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதற்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தேன். புது பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு இல்லையா, வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பின் மேல் யாரோ மண்ணெண்ணெய் சிந்தியதுபோல. அந்த வாசனை என்னை நேராக நான் வளர்ந்த அடுகோடியில் கொண்டுபோய் விட்டது.

அடுகோடியில் எங்கள் வீடு ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேலே இருந்தது. ஒரு ரூம், ஒரு சமையலறை, அப்புறம் பெரிய மொட்டை மாடி. கீழே இரும்பை அறுக்க ஆரம்பித்தால் மேலே டம்ளரில் இருக்கும் காபி வட்டம் வட்டமாக நடுங்கும். நான் பி.எஸ்ஸி. வரைக்கும் அந்தச் சத்தத்தில்தான் படித்தேன். பரீட்சை ஹாலில் அமைதியாக இருந்தால் எனக்குப் பதில் வராது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார். அவருக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவர்கள் இருவரும். அம்மா வந்த புதிதில் கன்னடம் தெரியாமல் காய்கறி வாங்க மாட்டாளாம். நான் பார்க்கும்போது பட்டறைக்காரர், பால்காரர், வீட்டுக்கார ஜெயம்மா என்று தெருவையே கன்னடத்தில் அதட்டுவாள். அதட்டல் முடிந்து படியேறும்போது தமிழுக்கு மாறிவிடுவாள்.

எனக்கு எம்.எஸ்ஸி. நிலவியலுக்கு சேலத்துப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலோடு. பாறைகள் மேல் எனக்குத் தீராத காதல் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்த ஒற்றை ரூமைவிட்டு ஓட வேண்டியிருந்தது. எங்கே என்பது இரண்டாம்பட்சம். கடல் பற்றிய படிப்பு கிடைத்திருந்தால் கடல் மேல் காதல் என்று சொல்லியிருப்பேன்.

"இங்க இல்லாத காலேஜா அங்க கீது?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அப்பாவோடு சிட்டி மார்க்கெட்டுக்குப் போய் எனக்கு ட்ரங்க் பெட்டி, ஜமுக்காளம், தலகாணி, சிவப்பு வாளி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தாள். வாளியைத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினாளாம். அதற்குள்ளேதான் ஊறுகாய் ஜாடி, பருப்புப்பொடி, எண்ணெய் பாட்டில், துணிசோப்பு, கொடிக்கயிறு எல்லாம் பழைய துண்டில் சுற்றி அடுக்கினோம். அந்தக் காலத்தில் ஹாஸ்டலுக்குப் போகிற பெண்ணுக்கு வாளிதான் இரண்டாவது பெட்டி.

எல்லாம் கட்டி வாசல் ஓரம் வைத்தோம். அன்றைக்கு மத்தியானம் பஸ் நின்றுவிட்டது.

காவிரித் தண்ணீர்த் தகராறுதான். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை வரும் காய்ச்சல் மாதிரி அது வரும். தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூர்ப் பக்கத்து எல்லையோடு திரும்பிவிடும், இங்கிருந்து போகிறவை எல்லைக்கு இந்தப் பக்கம் அத்திப்பள்ளியோடு நின்றுவிடும், கேபிளில் தமிழ் சேனல் எல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். கம்பெனி பஸ்ஸில் சத்தம் போட்டுத் தமிழ் பேச வேண்டாம் என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்புவார். ரயிலில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் ஊரே நினைத்தது. அப்பா ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆளு ஒத்தக் கால்ல நிக்கிறான். பொட்டிய எங்க வெக்கிறது?"

நாளைக்கு ஓடும் என்றார்கள். மறுநாள், நாளைக்கு என்றார்கள்.

நான் பயணத்துக்கென்று எடுத்துவைத்த சுடிதாரைத் தினமும் காலையில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து ஓசூர் ரோடு ஒரு துண்டு தெரியும். பச்சை நிறத் தமிழ்நாட்டு பஸ் ஏதாவது போகிறதா என்று பார்ப்பேன். இறங்கி வந்து ரேடியோவில் செய்தி கேட்பேன். மறுபடி ஏறுவேன். ஒரு புத்தகத்தைத் திறந்தால் அதே வரியில் நிற்பேன். ஏதாவது சாப்பிட்டால் பாதியில் எழுந்துவிடுவேன். கீழே பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் என் பல்லுக்குள்ளேயே கேட்டது. "போட்ட துணி ரோட்டுக்கே போகாம அழுக்காயிடுச்சி, கழட்டிப் போடு" என்பாள் அம்மா. துவைத்துக் காய்ந்ததும் மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

இதற்கு நடுவில் என் மூட்டைகள் மெல்ல மெல்ல இளைக்க ஆரம்பித்தன. முதலில் காணாமல் போனது துண்டு. "உங்கப்பாவுது ஈரமா கீது, ஒரு நாளைக்குத்தான்" என்றாள். அப்புறம் ஊறுகாய். ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லையாம். அப்புறம் கொடிக்கயிறு. மழைக்காலம், துணி காயவில்லை. ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்தால் வாளியே இல்லை. உள்ளே இருந்த சாமானெல்லாம் ஜமுக்காளத்தின் மேல் கும்பலாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே குழாயடியில் ஜெயம்மாவின் குடத்துக்குப் பின்னால் என் சிவப்பு வாளி வரிசையில் நின்றது. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதுவும் காவிரித் தண்ணீர். எந்தத் தண்ணீருக்காக பஸ்ஸை நிறுத்தினார்களோ அந்தத் தண்ணீரை என் ஹாஸ்டல் வாளியில் பிடித்துக்கொண்டு அம்மா படியேறி வந்தாள்.

"அது என்னோடது."

"தெரியும். தண்ணி வர்றப்ப புடிக்கலன்னா நாளைக்கு குடிக்க இன்னா பண்ணுவ?"

நான் எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்குவேன். அவள் மறுபடி எடுப்பாள். ஒரு வார்த்தை சண்டை கிடையாது. ஜெயம்மாவுக்குத்தான் விஷயம் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன். மழைவிட்டு வெயிலடித்த ஒருநாள் மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டே என்னிடம் அரைத் தமிழில் சொன்னார். "உங்கம்மாக்கு பஸ் நிந்துது நல்லா ஆச்சு, அல்வா?" கன்னடத்தில் அல்வா என்றால் 'இல்லையா' என்று அர்த்தம்.

எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. தோன்றியபின் அதைத் தவிர வேறு தோன்றவில்லை. அம்மா குழம்பு தாளிக்கும்போது பாட்டு முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்த பணியாரம் சுட்டது, நான் தூங்கும்போது தலையணையைச் சரிசெய்தது எல்லாமே சந்தேகமாகப் பட்டது.

ஹாஸ்டலில் சேரக் கடைசித் தேதி ஒன்று போட்டிருந்தார்கள். தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த ஆபீஸுக்குப் பேசினேன். எடுத்த அம்மாள் அமைதியாகத்தான் பேசினார். "நீங்க பெங்களூர்ல மாட்டிட்டீங்கன்னு புரியுதும்மா. ஆனா தேதிக்குள்ள வரலைன்னா ரூம் அடுத்தவங்களுக்குப் போயிடும். வெளியில தங்கிப் படிக்க முடியுமா, பாருங்க." வெளியில் தங்க வைக்க அப்பாவால் முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

தேதிக்கு முந்தின நாள் காலையிலும் பஸ் ஓடவில்லை. நான் அன்றைக்கு மாடிக்குப் போகவில்லை. சுடிதாரைப் போட்டுக்கொள்ளவில்லை. ட்ரங்க் பெட்டியைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து பழையபடி அலமாரியில் வைத்தேன். வாளியிலிருந்து பருப்புப்பொடியை எடுத்து சமையலறை மேடையில் கொண்டுபோய் வைத்தேன். காலியான வாளியைக் குழாயடிக் குடங்களோடு வைத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை, அழவும் இல்லை. சொல்லப்போனால் அத்தனை நாள் நடந்துகொண்டே இருந்த கால்களுக்கு உட்காரலாம் என்று இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்று அந்தப் பருப்புப்பொடி டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அப்பாவுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட், பாயில் படுத்திருந்தார்.

"ஏங்க, எழுந்திரிங்க. அத்திப்பள்ளி வரைக்கும் பஸ் போகுதில்ல?"

"அது வரைக்கும்தான் போகுது."

"அங்கேர்ந்து தமிழ்நாடு எவ்ளோ தூரம்?"

"கிட்டதான். ஆனா நடக்கணும்."

"நடந்தா நடக்கறது."

"இவ்ளோ லக்கேஜ தூக்கிக்கினா?"

"மூணு பேரு கீறமே" என்றாள்.

அப்புறம் நடந்ததை நான் வேடிக்கைதான் பார்த்தேன். நான் மணிக்கணக்கில் அடுக்குகிற பெட்டியை அவள் கண்மூடித் திறப்பதற்குள் அடுக்கினாள். அப்பாவின் தோளிலிருந்த துண்டை உருவி மடித்து வைத்தாள். காலி ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு கீழே ஓடி, ஜெயம்மாவிடமிருந்து மாங்காய் ஊறுகாய் நிரப்பி வாங்கி வந்தாள். கொடியில் ஈரத்துணி தொங்க, அதைத் தரையில் உதறிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

"இன்னா பாத்துகினு கீற? அந்த சுடிதாரப் போடு" என்றாள்.

அடுகோடியிலிருந்து அத்திப்பள்ளி வரைக்கும் ஒரே ரோடுதான். பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா எச்சரித்திருந்தார். கண்டக்டர் எங்கள் பெட்டியையும் வாளியையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார். பொம்மசந்திரா வந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டு, திரும்ப உட்கார்ந்தார்.

அத்திப்பள்ளியில் இறங்கிப் பார்த்தால் ஊரே நடந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைகளோடு பெண்கள், சூட்கேஸை வேட்டியால் முதுகில் கட்டிக்கொண்ட ஒரு பெரியவர், கம்ப்யூட்டர் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள், பட்டுப்புடவையில் ஒரு கல்யாணக் கோஷ்டி. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அதேபோல ஒரு கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. அப்பா ட்ரங்க் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு ஜமுக்காளச் சுருளும் தோள்பையும். அம்மா வாளியைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

தடுப்புக் கட்டைக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி, வாளிக்குள் என்ன என்று கேட்டார். "ஏனம்மா, பக்கெட்னல்லி ஏனிதெ?"

ஊறுகாய், மகள் ஹாஸ்டலுக்குப் போகிறாள் என்று அம்மா வாளியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "உப்பினகாயி சார். மகளு ஹாஸ்டல்கெ ஹோக்தாளெ."

ஊறுகாய் வாசனை அவருக்குப் போதுமானதாக இருந்தது. "ஹோகி, ஹோகி" என்று வழிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் தமிழ்நாட்டுப் பக்கம், ஜூஜூவாடி. அங்கே இன்னொரு போலீஸ்காரர். "எங்கம்மா போறீங்க?" என்றார். அம்மா அதே வேகத்தில் வாளியை நீட்டி, "மகளு ஹாஸ்டல்கெ ஹோக்தாளெ சார்" என்றாள்.

"ஏய், இவரு தமிழ் போலீசு" என்றார் அப்பா, பெட்டிக்குக் கீழிருந்து.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வாளி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். போலீஸ்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன், அத்தனை நாளுக்குப் பிறகு.

தமிழ்நாட்டு பஸ்களெல்லாம் அங்கேதான் திரும்பி நின்றன. சேலம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினார்கள். சாயங்காலத்துக்குள் ரோட்டையே மூடிவிடலாம் என்று பேச்சு அடிபட்டது, அப்பாவுக்கு ஷிப்ட் வேறு. அதனால் கூட யாரும் வரவில்லை. அம்மா பஸ்ஸுக்குள் ஏறி வாளியை சீட்டுக்குக் கீழே தள்ளி, உருளாமல் இருக்க ஜமுக்காளத்தை முட்டுக்கொடுத்தாள்.

"தண்ணி எப்டி இருக்குமோ. கொதிக்க வெச்சிக் குடி."

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கிவிட்டாள். ஜன்னலில் தலையை நீட்டுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

கிருஷ்ணகிரியில் பஸ் நின்றபோது நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் ஓசூருக்குப் போகிற பஸ் ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. நான் எழுந்து நின்றேன். எதற்கென்று யோசிக்கவில்லை, கால் எழுந்து நின்றது. வாளியைக்கூட வெளியே இழுத்துவிட்டேன். ஆனால் பெட்டி கூரைமேல் கட்டியிருந்தது. கண்டக்டரிடம் அதை இறக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வாளியை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். இன்று பெங்களூரில் அப்பார்ட்மெண்ட்காரர்களுக்கு போர்வெல் எங்கே போடலாம் என்று சொல்லிப் பிழைக்கிறேன் என்றால், அதற்கு என் கூச்ச சுபாவம்தான் காரணம்.

ரூம் கிடைத்தது, படித்தேன், பஸ்ஸும் பிறகு ஓடியது. அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

வாளி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே இனியாவைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டோம். அப்பாவும் கூட வந்தார். அவள் கேட்டில் ஒரு கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோ தூரம் வந்துட்டோம், அத்திப்பள்ளிய ஒரு தடவ பாத்துட்டுப் போலாமா?" என்றார் அப்பா.

போகும் வழியில், முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கி உன்ன ஏத்திவுட்டுட்டு நாங்க ஒடனே வரல."

"ஷிப்ட் இருந்துச்சே உங்களுக்கு?"

"ஷிப்ட் போச்சி. உங்கம்மா நகர மாட்டேன்னுட்டா. நீ பயந்துகினு பாதி வழியில எறங்கித் திரும்பி வந்துட்டா இங்க யாரு இருப்பான்னா. ஒரு புளியமரம் இருந்துச்சி, டீக்கடையாண்ட. அங்கயே நின்னோம். ஓசூர்லேர்ந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸும் நின்னா ஓடுவா. எறங்கறவங்க மூஞ்ச பாப்பா. திரும்பி வந்து நிப்பா. பொழுது சாயற வரைக்கும்."

கியரை மாற்றிக்கொண்டே கேட்டேன். "நான் வரலைன்னதும் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. போலாம்னா." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்தோசமா, வருத்தமான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல."

கிருஷ்ணகிரியைப் பற்றி அவரிடம் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க வேண்டியவள் இல்லை.

அத்திப்பள்ளி வந்தது என்று போன் சொன்னது. எங்கள் கண்ணுக்கு மேம்பாலத் தூண்களும், வரிசையாக லாரிகளும், போர்டுகளும்தான் தெரிந்தன. அப்பா ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டித் தேடினார். "இங்கதான்" என்றார். "இல்ல, இன்னும் கொஞ்சம் முன்னாடி" என்றார். அப்புறம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். புளியமரம், டீக்கடை, தடுப்புக்கட்டை, மண் பாதை எதுவும் இல்லை. ஓரமாக நிறுத்தலாம் என்று பார்த்தேன். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே. பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார், நகர்ந்தேன். திரும்ப வழி தேடி வண்டிகளோடு வண்டியாகப் போய்க்கொண்டே இருந்தேன். ஒருவழியாகத் திரும்ப இடம் கிடைத்தபோது கடைப் பலகைகளெல்லாம் தமிழில் இருந்தன. எல்லையை எப்போது தாண்டினோம் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.